நாலாவது ஆளு

எங்க ஊர்ல என்னப் பாத்து சிரிக்காதவங்க யாரும் இல்ல. சைக்கிள் எதுக்கு கீது? ஏறி உக்காந்து போறதுக்கு. நான் இன்னாடான்னா அத்த தோள்ல தூக்கி மாட்டிக்கினு ஏரிக்கரை மேல ஓடறேன். சாலவாக்கம் ஏரி பாதி காஞ்சா போதும், விடிஞ்சதும் நான் அங்கதான் கீறேன். மாடு ஓட்டிக்கினு வர்ற பெரியவரு ஒருத்தரு தெனம் நின்னு, இன்னாம்மா பஞ்சரான்னு கேப்பாரு. நானும் தெனம், ஆமாம், ரெண்டு சக்கரமும் பஞ்சர், நீ வந்து தூக்குன்னு சொல்லுவேன்.

அதுக்குப் பேரு சைக்கிளோகிராஸ். ரோட்ல ஓட்டற ரேஸ் இல்ல. மண்ணு, சேறு, மேடு, பள்ளம். நடுநடுவுல முட்டி ஒசரத்துக்குப் பலகைத் தடுப்பு வெச்சிருப்பாங்க. அங்கெல்லாம் எறங்கி, சைக்கிள தூக்கிக்கினு தாண்டி, ஓடிக்கினே மறுபடியும் ஏறணும். நான் ஒரகடத்துல ஒரு கம்பெனில லைன்ல வேலை செய்றேன். அங்க மெயின்டனன்ஸ்ல ஆல்வின் சார்னு ஒருத்தரு, சரியான சைக்கிள் பைத்தியம். அவருதான் டீம் சேத்தாரு. மொத நாளு எல்லாரையும் சைக்கிள தூக்கிக்கினு மேடு ஏறச் சொன்னாரு. ஆம்பளைங்க முக்கிக்கினு கீறாங்க. நானு கல்யாணம் ஆன புதுசுல காவாந்தண்டலத்துல நாத்துக் கட்ட தலையில வெச்சிக்கினு வரப்பு மேல ஓடினவ. எனக்கு இது இன்னா கனம்? அன்னிக்கே என்ன டீம்ல போட்டுட்டாரு.

எனக்கு அது புடிச்சிப் போச்சி. வூட்ல ஒரு வேலை, கம்பெனில ஒரு வேலை, ரெண்டுத்துக்கும் நடுவுல பஸ்ல தூக்கம். இதுதான் என் பொயப்பு. சேத்துல வியுந்து எந்திரிச்சி ஓட்டறப்போ மட்டும் நான் யாருக்கும் பதில் சொல்ல வேணாம். அந்த ஆசையாலதான் இவ்ளோவும் வந்திச்சி. யார் மேலயும் பழி போட மாட்டேன்.

பொம்பளைங்க ரேசுக்கு ஒரு கணக்கு கீது. நாலு பேராவது கோட்ல வந்து நிக்கணும். இல்லன்னா ரேசே கெடையாது. எங்க பக்கத்துல எத்தினி பொம்பளைங்க இந்தக் கூத்துக்கு வருவாங்க? மொத்தமே நாலு பேருதான். நானு, மாகறல் பிரிஸ்கில்லா, வேலூர் ஜெயப்பிரியா, அப்புறம் பெங்களூர் பொண்ணு ஒண்ணு. ஒருத்தி வரலைன்னா மீதி மூணு பேரும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மாசி மாசத்து ரேசுக்கு வராத ஒருத்தி நான்தான். என் வூட்டுக்காரரு வேதகிரி சென்ட்ரிங் வேலைக்குப் போற ஆளு. வேலைக்குப் போன எடத்துலேர்ந்து காய்ச்சலோட வந்தாரு, மறுநாளு ஒடம்பெல்லாம் முத்து. எங்க தெருவுல அத்த நோய்னு சொல்ல மாட்டோம். ஆத்தா வந்து கீறான்னுதான் சொல்லுவோம். வாசல்ல வேப்பிலை சொருவிட்டா எல்லாருக்கும் புரிஞ்சிடும். அப்புறம் வூட்ல தாளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது, தல சீவக் கூடாது. வூட்டாளுங்க யாரும் ஊர் எல்லையத் தாண்டிப் போயி தங்கக் கூடாது. மூணு தண்ணி ஊத்தி அனுப்பற வரைக்கும் வூடு அவளோடது. வெளியாளுங்க கிட்ட அத்தப் பத்தி வாயத் தொறக்கறதும் இல்ல. கடைசி நேரத்துல நான் ஆல்வின் சாருக்கு போன் போட்டு, வூட்ல ஒரு காரியம், வர முடியாதுன்னு மட்டும் சொன்னேன்.

அன்னிக்கு ஓசூர் வரைக்கும் போயி, டிரெஸ் மாட்டிக்கினு நின்னுட்டு, ஓட்டாம திரும்பி வந்தா ஜெயப்பிரியா. அவ வேலூர்ல ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர். போன வருசம் அவளுக்கு கிட்னி மாத்தினாங்க. அவங்க அம்மா சுலோச்சனா தன்னோடத ஒண்ணு குடுத்தாங்க. ஒரு வருசம் மெதுமெதுவா நடந்து, அப்புறம் ஓட்டி, இப்போதான் டாக்டரு ரேஸ் போலாம்னு சொல்லி கீறாரு. அந்தப் பொண்ணு, நான் வராததால ஓட்டல. அதுக்கு என்ன ஒரு வார்த்தை கேட்டாளா? கேக்கல. பரவால்லக்கா, அடுத்த தபா பாக்கலாம்னு மெசேஜ் போட்டா. திட்டியிருந்தா கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

மூணு வாரம் கயிச்சி அதே ஓசூர் பக்கத்துல, ஒரு கொய்யாத் தோப்புல, மறுபடியும் ரேஸ் வெச்சாங்க. வூட்டுக்காரருக்கு மூணு தண்ணியும் ஊத்தி முடிச்சாச்சி, அவரும் மூஞ்சில தழும்போட வேலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டாரு. நானும் ஏரில எறங்கி ஓட்டிக்கினு இருந்தேன். அந்த வாரம் பாத்து எம் பொண்ணு திவ்யா ஸ்கூல்லேர்ந்து வந்தவ, அம்மா வயித்துல அரிக்குதுன்னா. சட்டையத் தூக்கிப் பாத்தேன். எனக்கு மொதல்ல வந்தது அழுவ இல்ல, கோவம். கொழந்த மேல இல்ல, ஆத்தா மேல. ஏந்தாயி, உனக்கு எங்க வூட்ட வுட்டா வேற வூடே தெரியாதா? மனசுக்குள்ள கேட்டுட்டு அப்புறம் கன்னத்துல போட்டுக்கினேன்.

கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு அவ கூடவே கீறேன். வேப்பிலைப் படுக்கை, எளநீ, கூழு. சொறியாம இருக்க வேப்பங்கொத்தால தடவி வுட்டுக்கினே இருக்கணும். மொத தண்ணி ஊத்தியாச்சி. ரெண்டாந் தண்ணி ரேஸ் நடக்கற ஞாயித்துக்கிழமைல வந்து நிக்கிது. பிரிஸ்கில்லா போன் மேல போன். வருவ இல்லக்கா? நீ வரலைன்னா இந்த தபாவும் இல்ல. பாவம், அந்த ஜெயப்பிரியா. நான் வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. போன வெச்சிட்டு கொழந்த மூஞ்சியப் பாப்பேன், அப்புறம் செவுத்துல சாத்தி வெச்சிருந்த சைக்கிளப் பாப்பேன்.

வூட்டுக்காரருதான் போன்னு சொன்னாரு. என்னாலதான போன தபா உனக்குப் போச்சி, கொழந்தைய நான் பாத்துக்கறேன், தெருவுல கேட்டா கம்பெனில ஆள் இல்ல, கூப்புட்டுட்டாங்கன்னு சொல்லிடறேன்னாரு. நான் ஒரு தபா வேணாம்னேன். ரெண்டாவது தபா அவரு சொல்லட்டும்னு காத்துக்கினு இருந்தேன். சொன்னாரு. சனிக்கிழமை காலைல தலையில முக்காடு போட்டுக்கினு, சைக்கிள முன்னாடியே பிரிஸ்கில்லா புருசன் சாம்சன் வண்டில ஏத்தி அனுப்பிட்டு, கம்பெனிக்குப் போறவ மாதிரி டவுன் பஸ் ஏறினேன். கெளம்பறப்போ திவ்யா, எங்கம்மா போறன்னு கேட்டா. வேலைக்குன்னேன். ரெண்டாந் தண்ணிய நீதான ஊத்துவன்னா. நைனா ஊத்துவாரும்மான்னேன். அவ மூஞ்சியத் திருப்பிக்கினா.

காஞ்சிபுரத்துலேர்ந்து ஆல்வின் சாரோட வேன். சைக்கிளுங்க பின்னாடி, நாங்க முன்னாடி, ஏசி போட்டு கண்ணாடிய ஏத்தி வுட்டுட்டாரு. வேலூர்ல ஜெயப்பிரியா ஏறினா. மாஸ்க் போட்டு கீறா. ஏறின ஒடனே உக்காரல, நின்னுக்கினே எங்க ரெண்டு பேரையும் பாத்துப் பேசினா.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா, எல்லார் கிட்டயும் கேக்கறதுதான். உங்க வூட்ல யாருக்காவது காய்ச்சல், சளி, வேற ஏதாவது கீதா? கீதுன்னா சொல்லிடுங்க, நான் தள்ளி உக்காந்துக்கறேன். அம்மா குடுத்த கிட்னிய ஒடம்பு தள்ளாம இருக்க, என் ஒடம்போட எதிர்ப்ப மாத்திரை போட்டுக் கொறச்சி வெச்சி கீறாங்க. சின்னதா ஏதாவது ஒட்டினாலும் எனக்குப் பெருசாயிடும்."

பிரிஸ்கில்லா ஒடனே, எங்க சின்னவனுக்கு போன வாரம் மூக்கு ஒயுகிச்சி, இப்ப சரியாயிடிச்சின்னு உள்ளது உள்ளபடி சொல்லிட்டா. ஜெயப்பிரியா தேங்க்ஸ்க்கான்னு சொல்லிட்டு என்னப் பாத்தா.

"எங்க வூட்ல நோய் நொடின்னு ஒண்ணியும் இல்லம்மா."

இத்த நான் திக்காம தெணறாம சொன்னேன். சொல்றதுக்கு முன்னாடியே எனக்குள்ள ஒரு வக்கீல் எயுந்து நின்னுட்டான். ஆத்தா நோயா? இல்ல. அவள நோய்னு சொல்லலாமா? கூடாது. வெளியாளு கிட்ட பேசலாமா? கூடாது. அப்போ நான் சொன்னதுல இன்னா பொய் கீது? காலங்காலமா எங்க சனங்க பயபக்தியா வெச்சிருந்த ஒரு வழக்கம், அத்தப் போயி நான் ரேசுக்குப் போறதுக்கு எடுத்து வெச்சிக்கினேன். ஆத்தா முந்தானைக்குள்ள பூந்துக்கினேன். எனக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. வூட்டுக்காரருகிட்டேர்ந்து கொழந்தைக்கு ஒட்டினது எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு ஒடம்பு நல்லாதான கீது, என்னால இன்னா ஆவப் போவுதுன்னு நெனச்சேன். வாயத் தொறந்தா வேன நிறுத்தி என்ன எறக்கி வுட்டுடுவாங்கன்னும் நெனச்சேன். ரெண்டாவதுதான் பெருசா நெனச்சேன்.

ஜெயப்பிரியா பிரிஸ்கில்லாவ வுட்டுத் தள்ளி, எம் பக்கத்துல வந்து உக்காந்தா. நான்தான் சுத்தமானவளாம். ஆம்பூர் தாண்டினதும் மாஸ்க்க கயட்டிட்டு எந் தோள்ல சாஞ்சி தூங்கிட்டா. ஓசூர் வர்ற வரைக்கும் நான் அசையல. அசையாம உக்காந்தா செஞ்ச பாவம் கொறஞ்சிடுமா?

சாயங்காலம் லாட்ஜ்ல பொம்பளைங்களுக்கு ஒரே ரூமு. பிரிஸ்கில்லா தரையில படுத்துக்கறேன்னுட்டா. கட்டில்ல நானும் ஜெயப்பிரியாவும். அவங்க அம்மா போன் பண்ணாங்க. எல்லாரையும் கேட்டியாடின்னு அந்தம்மா கேக்கறது எனக்கே கேட்டுது. கேட்டேம்மா, இளவரசி அக்கா கூடதான் கீறேன்னு சொல்லி, போன எங்கிட்ட குடுத்தா. சுலோச்சனா அம்மாவுக்கு மெதுவான கொரலு. நீ வரப் போயிதாம்மா இவ ஓட்டறா, பாத்துக்கம்மான்னாங்க. சரிம்மான்னேன். அப்போவாவது சொல்லியிருக்கலாம். வெளிய கூட்டிக்கினு போயி, ஜெயப்பிரியா, இப்பிடி ஒரு விசயம் கீதும்மான்னு ஒரே ஒரு வார்த்தை. அவ அன்னிக்கே பஸ் ஏறி போயிருப்பா. நானு, லைட்ட அணைக்கட்டுமான்னு கேட்டேன்.

ஞாயித்துக்கிழமை தோப்புல லாரித் தண்ணி கொட்டி நல்லா சேறாக்கி வெச்சிருந்தாங்க. நாலு பேரும் கோட்ல நின்னோம். விசில் அடிச்சதும் பெங்களூர் பொண்ணு காத்தா போயிட்டா. நான் ரெண்டாவதா போயிக்கினு கீறேன். ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி வலி. ராத்திரி சரியா தூங்கலன்னு நெனச்சிக்கினேன். ஒவ்வொரு தபாவும் தடுப்புகிட்ட எறங்கறப்போ, இந்நேரம் திவ்யாவுக்கு வெய்யில்ல வெச்ச மஞ்சத்தண்ணிய ஊத்திக்கினு இருப்பாங்கன்னு மனசு அங்க போவும். சைக்கிளத் தூக்கிட்டா மறந்துடுவேன். மறந்தது சொகமா இருந்திச்சி. இத்த சொல்ல எனக்கு வெக்கமா கீது, ஆனா சொகமாதான் இருந்திச்சி.

நான் ரெண்டாவது, பிரிஸ்கில்லா மூணாவது. ஜெயப்பிரியா கடைசி. அவ கடைசி சுத்து வர்றப்போ தோப்புல கீற ஆம்பளைங்க எல்லாம் கயிறு ஓரமா நின்னு கை தட்டறாங்க. சேத்துல ரெண்டு தபா வியுந்தா. கடைசி மேட்டுல சைக்கிளத் தூக்க முடியாம இஸ்துக்கினு வந்தா. கோட்டத் தாண்டினதும் சைக்கிளக் கீய போட்டுட்டு நேரா எங்கிட்ட ஓடி வந்து கட்டிக்கினா. மூஞ்சி மேல மூஞ்சிய வெச்சி அழுதா.

"நீ வந்ததாலதாங்க்கா. நீ நாலாவது ஆளா வந்து நின்னதாலதான் நான் இன்னிக்கு ஓட்டினேன்."

அவ கன்னம் சில்லுனு இருந்திச்சி. இல்ல, எங் கன்னம்தான் கொதிச்சிக்கினு இருந்திச்சி. அப்போ எனக்கு அது புரியல.

பொயுது சாயறதுக்குள்ள வூடு வந்தேன். திவ்யா போர்வைய மூஞ்சி மேல இஸ்துக்கினா. வூட்டுக்காரரு, தண்ணி ஊத்தறப்போ அம்மா அம்மான்னு ஒரே அழுவன்னாரு. நான் கொழந்த பக்கத்துல படுத்தேன், அப்பிடியே காய்ச்சல் தூக்கிப் போட்டுது. மறுநாளு குளிக்கறப்போ நெஞ்சுக்குக் கீய ரெண்டு முத்து, முதுவுல கை வெச்சா அங்க நாலு. தண்ணி சொம்ப வெச்சிட்டு அப்பிடியே உக்காந்துட்டேன். என் நெனப்பு எம் பொண்ணு மேலயும் போவல, எம் மேலயும் போவல. அந்தக் கன்னத்து மேல போச்சி. கூடவே இன்னொரு நெனப்பும் வந்திச்சி. சொன்னா நான் பொய்க்காரின்னு ஆயிடுவேன். ஆல்வின் சார் இன்னா நெனப்பாரு, பிரிஸ்கில்லா மூஞ்சியில எப்பிடி முயிப்பேன், இனிமே என்ன எவ பக்கத்துல சேப்பா? சொன்னா அசிங்கம், சொல்லலைன்னா பாவம். அன்னிக்கு நான் பாவத்த எடுத்துக்கினேன்.

இப்போ வேப்பிலைப் படுக்கையில ரெண்டு பேரு. எம் பொண்ணுக்கு கோவம் போயி ஒரே குஷி. நான் எங்கயும் போவ முடியாது இல்ல. அவ தன் கொத்தால எனக்குத் தடவி வுடறா. சொறியாதம்மா, தழும்பாயிடும்னு எனக்கே புத்தி சொல்றா. போன்ல ஜெயப்பிரியாவோட போட்டோ வந்திச்சி. மூஞ்சியெல்லாம் சேறு, பல்லு மட்டும் வெள்ளையா தெரியுது. அடுத்த ரேசுக்கும் நாலு பேரு ரெடின்னு எயுதி கீறா. போனத் திருப்பி தரையில கவுத்து வெச்சேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. போன் ஒவ்வொரு தபா கிணுங்கறப்போவும் எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

செவ்வாக்கெழமையும் அப்பிடியே போச்சி. புதங்கெழமை துணை சுகாதார நெலையத்து நர்சம்மா மாத்திரை எடுத்துக்கினு வந்தாங்க. வாசல்லயே நின்னு, ஒரு வூட்ல மூணு பேரான்னு கேட்டாங்க. அப்புறம் என்னப் பாத்து, முத்து வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடிலேர்ந்தே இது அடுத்தவங்களுக்கு ஒட்டும், யார் கூடல்லாம் இருந்தன்னு விசாரிச்சாங்க. கர்ப்பிணிப் பொண்ணுங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா கீறவங்க யாராவது கூட இருந்தா ஒடனே சொல்லணும், சீக்கிரமா ஊசி போட்டா காப்பாத்திடலாம், நாளாச்சின்னா கஷ்டம்னாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வூட்டுக்காரரு முந்திக்கினாரு. எங்கயும் போவலம்மா, கம்பெனிக்கு ஒரு தபா போனதோட சரி, மத்தபடி கொழந்த கூட வூட்லயேதான் இருந்தா. பாவம், தெருவுக்கு சொன்ன பொய்ய அவரு காப்பாத்திக்கினு கீறாரு. எனக்காக சொன்ன பொய்.

நர்சம்மா போனதும் நான் அவருகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். கிட்னி, மாத்திரை, வேன்ல அவ கேட்டது, நான் சொன்னது, ஒரே கட்டில்ல படுத்தது. அவருக்கு இதெல்லாம் தெரியாது. சைக்கிள் ஓட்டற பொண்ணுங்கன்னா எல்லாம் கல்லு மாதிரி இருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தாரு. கொஞ்ச நேரம் தழும்புக் கன்னத்தத் தடவிக்கினே நின்னாரு. என்னத் திட்டல. தரையில கவுந்து கெடந்த போன எடுத்து எங் கையில குடுத்தாரு.

"பேசுமே. ஆத்தா கோச்சிக்கினா கோச்சிக்கட்டும். பேசு."

ஜெயப்பிரியா எடுத்ததும், அக்கா, போட்டோ பாத்தியான்னு சிரிச்சா. நான் சுத்தி வளைக்கல. எனக்கு சின்னம்மை போட்டு கீது, வேன்ல வர்றப்பவே எம் பொண்ணுக்கு இருந்திச்சி, நான் மறைச்சிட்டேன்னு ஒரே மூச்சில சொன்னேன். அந்தப் பக்கம் ஸ்கூல்ல பசங்க வெளயாடறது கேக்குது. அப்புறம் டீச்சர் கொரல்ல கேள்வி கேட்டா. உங்களுக்கு எப்போ வந்திச்சி, ரேஸ் அன்னிக்கு காய்ச்சல் இருந்திச்சா, பிரிஸ்கில்லா அக்காவுக்கு சொன்னீங்களா. வா, போன்னு பேசிக்கினு இருந்தவ, நீங்கன்னு மாறிட்டா. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியா ஒண்ணு சொன்னா.

"நான் கேட்டேன் இல்லக்கா."

அவ்ளோதான். வெச்சிட்டா.

ஜெயப்பிரியா அன்னிக்கே ஆஸ்பத்திரில சேந்துட்டான்னு பிரிஸ்கில்லா சொன்னா. எங்கிட்ட இத்த சொல்லிட்டு, உன்ன எங்கூடப் பொறந்தவளா நெனச்சேன்க்கான்னா. அவ திட்டினது எனக்கு ஆறுதலா இருந்திச்சி. ஆல்வின் சார் போனே பண்ணல. தெருவுல ஒருத்தர் வுடாம, எனக்கு நுங்கும் எளநீயும் கொண்டாந்து குடுத்து, வாசல்ல நின்னு கும்புட்டுட்டுப் போறாங்க. அம்மை போட்டவங்கள எங்க பக்கத்துல பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. அவங்க ஒடம்புல ஆத்தாதான் கீறா, அவங்கள எதுத்துப் பேசினா அவள எதுத்துப் பேசினதுன்னு அர்த்தம். எதிர் வூட்டு செல்லாயி, என்னோட சண்டை போடாம ஒரு வாரம் இருக்க மாட்டா, அவ கூட தாயேன்னு கூப்புட்டு நுங்க வெச்சிட்டுப் போறா. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினேன்.

இன்னிக்கு மத்தியானம் புது நெம்பர்லேர்ந்து போன். எடுத்தா அந்த மெதுவான கொரலு. சுலோச்சனா அம்மா. மனசுக்குள்ள ஒரு மூலையில, அப்பாடா, வந்துட்டாங்கன்னு இருந்திச்சி. நல்லா கேக்கட்டும். எங் கிட்னிய வெச்சி பொயச்ச பொண்ணுடி, நீ எதுக்குடி அதுங்கிட்ட பொய் சொன்னன்னு கேக்கட்டும். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கட்டும். நான் எயுந்து உக்காந்துக்கினேன்.

அந்தம்மா மொதல்ல, முத்து நெறைய போட்டு கீதான்னு கேட்டாங்க. கண்ணுல போடலையேன்னாங்க. கொழந்தைக்கு எறங்கிடிச்சான்னாங்க. அப்புறம், ஊசி போட்டு கீறாங்க, தனி ரூம்ல வெச்சி கீறாங்க, மூணு வாரம் போனாதான் சொல்ல முடியும்னு டாக்டரு சொல்லிட்டாருன்னாங்க. சின்ன வயசுல அவளுக்கு அம்மையே போடல, வந்தா தாங்குவாளான்னு தெரியாதுன்னு டாக்டரு கைய விரிக்கிறாருன்னாங்க. நான், அம்மா, என்ன மன்னிச்சிடுன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா என்ன முடிக்க வுடல.

"தாயே. எம் பொண்ணு கிட்ட வந்துடாத தாயே. அவ ஒடம்புல கீறது எங் கிட்னி. வரணும்னா எங்கிட்ட வா. அவள மட்டும் வுட்டுடு."

நான் பதறிப் போயிட்டேன். அம்மா, நான் இளவரசி பேசறேன், நான்தான் உங்க பொண்ணு கிட்ட பொய் சொன்னவ, என்னத் திட்டும்மா, வாய்க்கு வந்தபடி திட்டுன்னு கத்தினேன். திவ்யா பயந்து எந்திரிச்சி உக்காந்துக்கினா.

"அய்யோ, உன்னத் திட்டுவனா தாயே? அவ போன்ல உங்கிட்ட வெடுக்குனு எதாவது பேசியிருப்பா. சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா, மன்னிச்சிடு. இவ்ளோ கோவமா பேசறியே தாயே. நான் இன்னா செஞ்சா உன் கோவம் தீரும்? சொல்லு, செய்றேன். வர மாட்டேன்னு ஒரு வாக்கு குடு."

அழுதுக்கினே மன்னிப்புக் கேக்கறாங்க. எங்கிட்ட. நான் ஆத்தா இல்லம்மான்னு சொல்லிப் பாத்தேன். சொல்லச் சொல்ல, கோவம் இன்னும் ஏறுதுன்னு நெனச்சி, அந்தம்மா கொரல் இன்னும் எறங்குது. நான் வாய மூடிக்கினேன். வாக்கு குடுக்க நான் யாரு? குடுக்க மாட்டேன்னு சொல்லவும் நான் யாரு?

போன காதுல வெச்சிக்கினு உக்காந்து கீறேன். அந்தம்மா வெக்கல. ஆஸ்பத்திரில யாரையோ பேரு சொல்லிக் கூப்புடறது கேக்குது. நான் எதாவது சொல்லுவேன்னு காத்துக்கினு கீறாங்க.